நிரலே எழுதாமல் ஒரு பாட்டுப் பெட்டி: முதல் முறை செய்பவர்களுக்கு

வீட்டிலேயே ஒரு எம்பி3 பிளேயர் செய்து பார்க்கணும் என்று யாராவது கேட்டால், முதலில் ஆர்டுயினோ (நிரல் ஏற்றி ஓட்டும் சின்னப் பலகை) வாங்கு, நிரல் எழுதக் கற்றுக்கொள் என்றுதான் பெரும்பாலும் பதில் வருகிறது. அந்த இடத்திலேயே பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள். என் கருத்து வேறு: முதலில் பாட்டு கேட்கட்டும், நிரலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஒரு சின்னப் பலகை, ஒரு ஸ்பீக்கர், ஒரு மெமரி கார்டு, இரண்டு பட்டன், கொஞ்சம் வயர், இவ்வளவு இருந்தால் ஒரு வரி நிரல் இல்லாமல் பாட்டு வந்துவிடும். அதிலிருந்து ஒவ்வொரு படியாக மேலே போகலாம். ஒவ்வொரு படியிலும் காதால் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் அடுத்தது, இந்த ஒரு பழக்கத்தை மட்டும் விடாதீர்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக இணைத்துவிட்டுச் சத்தம் வரவில்லை என்றால் தப்பு எங்கே என்று தேடவே முடியாது.

நாம் எடுத்துக்கொள்ளும் பலகையின் பெயர் டிஎஃப்பிளேயர் மினி. டிஎஃப்ரோபாட் நிறுவனம் கொண்டுவந்தது. சந்தையில் கிடைப்பதில் நிறைய அதன் நகல்கள், அவையும் பெரும்பாலும் வேலை செய்யும். பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதுதான், ஆனால் மெமரி கார்டைப் படிப்பது, எம்பி3-ஐப் பிரிப்பது, அதை ஒலியாக மாற்றுவது, 3 வாட் வரை ஸ்பீக்கரை ஓட்டுவது எல்லாம் அதற்குள்ளேயே நடக்கிறது. 2000-ஆம் ஆண்டு வாக்கில் இதே வேலையை வீட்டில் செய்தவர்கள் எஸ்டிஏ013 மாதிரி ஒரு டிகோடர் சிப், ஒலியாக மாற்ற இன்னொரு சிப், ஃபைலைப் படித்துக் கொடுக்க ஒரு மைக்ரோகன்ட்ரோலர் (நிரல்படி இயங்கும் சிப்), ஒலியைப் பெருக்க ஆம்ப்ளிஃபயர் என்று ஒவ்வொன்றையும் தனியாக வாங்கி இணைத்தார்கள். இன்று அவ்வளவும் 16 கால் உள்ள ஒரு பலகையில் அடங்கியிருக்கிறது.

கடைகளில் ரிமோட்டோடு வரும் ரெடிமேட் யுஎஸ்பி பேனல் போர்டும் கிடைக்கும், அதை வாங்கி மாட்டினால் அரைமணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். அவசரத்துக்கு அது போதும். ஆனால் பட்டன் எத்தனை, எங்கே, எதை அழுத்தினால் என்ன நடக்கணும் என்பதை நாமே முடிவு செய்ய முடிவது இந்தப் பலகையில்தான். கண் சரியாகத் தெரியாத பெரியவர்களுக்கு இரண்டே பெரிய பட்டன் வைத்து ஒரு பெட்டி செய்து கொடுக்க நினைத்தால், கடையில் அப்படி ஒன்று தேடுவதைவிட இது சுலபம்.

வாங்க வேண்டியவை

சென்னையில் இருந்தால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரே நடையில் எல்லாம் கிடைத்துவிடும். மற்ற ஊர்களில் எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடையிலோ ஆன்லைனிலோ வாங்கலாம். டிஎஃப்பிளேயர் மினி ஒன்று (முடிந்தால் இரண்டு, விலை குறைவுதான், ஒன்று பழுதா என்று சந்தேகம் வந்தால் மாற்றிப் பார்க்க உதவும்), 4 ஓம் அல்லது 8 ஓம் 3 வாட் ஸ்பீக்கர், 32 ஜிபிக்கு மேற்படாத மைக்ரோ எஸ்டி கார்டு, பிரெட்போர்டு (பற்றவைக்காமல் குத்தியே இணைக்கும் துளைப் பலகை), ஜம்பர் வயர், புஷ் பட்டன் இரண்டு, 470 மைக்ரோஃபாரட் 16 வோல்ட் கெபாசிட்டர் ஒன்று, மூன்று பென்டார்ச் செல் போடும் ஹோல்டர் ஒன்று. முதல் கட்டத்துக்கு இவ்வளவு போதும். கையில் ஒரு சாதாரண மல்டிமீட்டர் கட்டாயம் வேண்டும், மலிவானதே போதும்.

பழைய ரேடியோவோ டேப் ரிக்கார்டரோ பரணில் கிடந்தால் அதன் ஸ்பீக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக வாங்கும் சின்ன ஸ்பீக்கரைவிடப் பல நேரம் அது நன்றாகவே பாடும். பின்பக்கம் 4 ஓம், 8 ஓம் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். நன்றாக இருக்கிறதா என்று சோதிக்க, ஒரு பென்டார்ச் செல்லின் இரண்டு முனையிலிருந்தும் வயர் எடுத்து ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் ஒரு நொடி தொட்டு எடுங்கள். டொக் என்று சத்தம் வந்து காகிதக் கூம்பு அசைந்தால் ஸ்பீக்கர் உயிரோடு இருக்கிறது.

கார்டைத் தயார் செய்வது

புதிதாகச் செய்பவர்கள் அதிகம் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான், அதனால் நிதானமாகப் படியுங்கள். கார்டில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் முறைகளில் இந்தப் பலகைக்கு ஃபேட்16, ஃபேட்32 என்ற இரண்டு அமைப்புதான் புரியும். 64 ஜிபி கார்டு கடையிலிருந்து வரும்போதே எக்ஸ்ஃபேட் அமைப்பில் வரும், அதைப் போட்டால் பலகை வாயே திறக்காது. 4 முதல் 16 ஜிபி வரை உள்ள கார்டு வாங்கினாலே தாராளம். 128 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு நிமிடப் பாட்டு சுமார் 1 எம்பி, அப்படிப் பார்த்தால் ஐந்து நிமிடப் பாட்டு ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் 8 ஜிபியில் அடங்கும்.

கம்ப்யூட்டரில் கார்டைப் போட்டு ஃபேட்32 என்று தேர்ந்தெடுத்து ஃபார்மேட் செய்யுங்கள். பாட்டுகளுக்கு 0001, 0002, 0003 என்று நான்கு இலக்க எண்ணைப் பெயராக வையுங்கள், எந்த எண் எந்தப் பாட்டு என்பதை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளலாம். இப்போது முக்கியமான விஷயம்: அடுத்த பாட்டு, முந்தைய பாட்டு என்று போகும்போது இந்தப் பலகை பெயர் வரிசையைப் பார்ப்பதில்லை, கார்டில் எது முதலில் பதிவானதோ அந்த வரிசையில்தான் போகும். மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரேயடியாக இழுத்துப் போட்டால் வரிசை கலைந்துபோக வாய்ப்பு உண்டு. அதனால் ஒவ்வொன்றாக, எண் வரிசையில் காப்பி செய்யுங்கள். நடுவில் ஒன்றை அழித்துவிட்டு வேறு சேர்த்தால் மறுபடியும் குழம்பும், அப்போது மொத்தமாக ஃபார்மேட் செய்து திரும்பப் போடுவதுதான் சுலபம்.

ஆப்பிள் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கணும். அது ஒவ்வொரு பாட்டுக்கும் கூடவே கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்ன ஃபைலையும் எழுதிவைக்கும். பலகை அதையும் பாட்டு என்று எண்ணிக்கொள்ளும், ஒரு பாட்டு விட்டு ஒரு பாட்டு மௌனமாக இருக்கும். அந்த மறைவு ஃபைல்களை அழித்துவிட்டுப் போட்டால் சரியாகிவிடும்.

முதல் இணைப்பு

லித்தியம் பேட்டரியை முதல் நாளே தொட வேண்டாம். மூன்று பென்டார்ச் செல் சேர்ந்தால் 4.5 வோல்ட், இந்தப் பலகை 3.2 முதல் 5 வோல்ட் வரை ஏற்கும், ஆக அது கச்சிதமாகப் பொருந்தும். மொபைல் சார்ஜர் சிலது 5 வோல்ட்டைத் தாண்டியே கொடுக்கும், அதோடு ஒரு இரைச்சலும் சேர்ந்து வரும், சோதனைக்கு செல்தான் நல்லது.

பலகையைப் பிரெட்போர்டின் நடுப்பள்ளத்துக்கு இருபுறமும் கால் இறங்குமாறு குத்துங்கள். குத்துவதற்கு முன்னால் திருப்பிப் பாருங்கள், பல பலகைகளில் கால்களின் பெயர் அடிப்பக்கம் அச்சிட்டிருக்கும். விசிசி என்பது மின்சாரத்தின் பிளஸ், ஜிஎன்டி மைனஸ், எஸ்பிகே ஸ்பீக்கருக்கு. ஒரு பக்கம் விசிசி-யில் தொடங்கி வரிசையாக ஆர்எக்ஸ், டிஎக்ஸ், டிஏசி ஆர், டிஏசி எல், எஸ்பிகே 1, ஜிஎன்டி, எஸ்பிகே 2. எதிர்ப்பக்கம் விசிசிக்கு நேர் எதிரே பிஸி, பிறகு யுஎஸ்பி-க்கான இரண்டு கால், ஏடிகீ 2, ஏடிகீ 1, ஐஓ 2, ஜிஎன்டி, ஐஓ 1. இரண்டு ஜிஎன்டியும் நேருக்கு நேராக, ஏழாவது வரிசையில் வரும். மல்டிமீட்டரைக் கன்டின்யூட்டியில் (இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் நிலை) வைத்து அந்த இரண்டையும் தொட்டால் பீப் சத்தம் வரணும். வந்தால் பலகையைச் சரியான பக்கம் பார்த்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். தலைகீழாக மின்சாரம் கொடுத்தால் பலகை அவ்வளவுதான், அதனால் இந்தச் சோதனையை விடவே கூடாது.

இப்போது ஸ்பீக்கரின் இரண்டு வயரையும் எஸ்பிகே 1, எஸ்பிகே 2 இரண்டிலும் கொடுங்கள். ஸ்பீக்கர் வயர் எதையும் ஜிஎன்டியில் சேர்க்காதீர்கள். இந்த ஆம்ப்ளிஃபயர் இரண்டு முனையையும் எதிரெதிராக ஓட்டுகிறது, ஒன்றை ஜிஎன்டியோடு சேர்த்தால் ஷார்ட் ஆன மாதிரி ஆகிவிடும். 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரை விசிசிக்கும் ஜிஎன்டிக்கும் நடுவே, பலகைக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வையுங்கள், கோடு போட்ட கால் ஜிஎன்டி பக்கம். சத்தமாகப் பாடும்போது மின்சாரம் திடீரென்று கூடுதலாகத் தேவைப்படும், அந்த நேரத்தில் வோல்டேஜ் இறங்கிப் பலகை தானாக ரீஸ்டார்ட் ஆகாமல் இது தாங்கிக்கொள்ளும். கடைசியாகக் கார்டைச் செருகிவிட்டு, செல் ஹோல்டரின் சிவப்பு வயரை விசிசியிலும் கறுப்பை ஜிஎன்டியிலும் கொடுங்கள்.

இரண்டு மூன்று நொடி பொறுங்கள், பலகை கார்டைப் படித்துக்கொள்ள அவ்வளவு நேரம் ஆகும். பிறகு ஒரு வயரின் ஒரு முனையை ஜிஎன்டியில் வைத்து மறுமுனையால் ஏடிகீ 1-ஐ ஒரு முறை தொடுங்கள். முதல் பாட்டு பாட ஆரம்பிக்கணும்.

பாடவில்லையா? முதலில் விசிசிக்கும் ஜிஎன்டிக்கும் நடுவே வோல்டேஜ் இருக்கிறதா என்று மீட்டரில் பாருங்கள். இருந்தால் அடுத்த சந்தேகம் கார்டு, வேறு கார்டைப் புதிதாக ஃபார்மேட் செய்து ஒரே ஒரு பாட்டு மட்டும் போட்டுப் பாருங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் ஸ்பீக்கர் வயர், அதற்கப்புறம்தான் பலகை. பலகையை முதலில் சந்தேகப்பட்டுத் தூக்கிப்போடாதீர்கள், பெரும்பாலும் குறை கார்டில்தான் இருக்கும்.

பட்டன்

ஒரு புஷ் பட்டனின் ஒரு காலை ஐஓ 1-லும் மறுகாலை ஜிஎன்டியிலும் கொடுங்கள், இன்னொரு பட்டனை அதே மாதிரி ஐஓ 2-க்கும் ஜிஎன்டிக்கும். ஐஓ 1-ஐத் தட்டினால் முந்தைய பாட்டு, அழுத்திப் பிடித்தால் சத்தம் குறையும். ஐஓ 2-ஐத் தட்டினால் அடுத்த பாட்டு, அழுத்திப் பிடித்தால் சத்தம் கூடும். இரண்டே பட்டனில் நான்கு வேலை. நான்கு கால் உள்ள சின்னப் பட்டனாக இருந்தால் எதிரெதிர் மூலையில் உள்ள கால்களை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரே பக்கத்துக் கால்கள் உள்ளுக்குள்ளேயே சேர்ந்திருக்கக்கூடும்.

சரி, இவ்வளவில் ஒரு பிளேயர் கையில் இருக்கிறது. நிறையப் பேருக்கு இதற்கு மேல் தேவையே இல்லை.

பேட்டரி

பென்டார்ச் செல்லை அடிக்கடி மாற்ற முடியாது என்பதால் 18650 லித்தியம் செல்லுக்கு மாறலாம். இதன் வோல்டேஜ் முழுதாக ஏறியபோது 4.2, இறங்க இறங்க 3-க்கு வரும். பலகைக்கு நேரடியாகவே கொடுக்கலாம், 5 வோல்ட்டாக உயர்த்தும் பூஸ்ட் பலகை எதுவும் வேண்டாம், அது செலவோடு இரைச்சலையும் சேர்த்துக்கொண்டுதான் வரும். சராசரியாக 200 மில்லிஆம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால் 2000 மில்லிஆம்பியர்-மணி செல் பத்து மணி நேரம் பாடும்.

சார்ஜ் செய்ய டிபி4056 பலகை வாங்குங்கள். இதில் இரண்டு வகை உண்டு, பி பிளஸ், பி மைனஸ் மட்டும் உள்ளது ஒன்று, கூடவே அவுட் பிளஸ், அவுட் மைனஸ் உள்ளது இன்னொன்று. இரண்டாவதுதான் வேண்டும், அதில்தான் செல் அளவுக்கு மீறி வற்றாமலும் ஷார்ட் ஆகாமலும் காக்கும் சுற்று இருக்கிறது. செல்லை பி முனைகளில் கொடுத்து, அவுட் பிளஸ்ஸிலிருந்து ஒரு சுவிட்ச் வழியாகப் பலகையின் விசிசிக்குப் போங்கள், அவுட் மைனஸ் ஜிஎன்டிக்கு. முதல் முறை இணைத்ததும் அவுட் முனையில் வோல்டேஜ் வராமல் இருந்தால் பயப்பட வேண்டாம், சார்ஜரை ஒரு முறை செருகி எடுத்தால் பாதுகாப்புச் சுற்று விழித்துக்கொள்ளும். சார்ஜ் ஏறும்போது சுவிட்சை அணைத்துவையுங்கள், பாட்டு ஓடிக்கொண்டே இருந்தால் செல் நிறைந்துவிட்டதா என்பதை அந்தச் சிப்பால் சரியாகக் கணிக்க முடியாது.

இங்கே கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். லித்தியம் செல்லில் நேரடியாக சால்டர் வைக்காதீர்கள், சூடு உள்ளே போனால் செல் கெடும், தீப்பிடிக்கவும் செய்யலாம். ஹோல்டர் வாங்குங்கள், அல்லது முனையில் தகடு ஒட்டிய செல்லாக வாங்கி அந்தத் தகட்டில் பற்றவையுங்கள். பழைய லேப்டாப் பேட்டரியை உடைத்து எடுக்கும் செல் மலிவுதான், ஆனால் அதன் நிலை என்ன என்று தெரியாமல் வீட்டில் வைப்பது சரியில்லை, முதல் முறை செய்பவர்கள் புதிதாகவே வாங்குங்கள். இந்தச் சார்ஜர் 1 ஆம்பியர் கொடுக்கும், 18650-க்கு அது சரி. 500 மில்லிஆம்பியர்-மணி மாதிரி சின்னப் பை வடிவ செல்லுக்கு அது மிக அதிகம், பலகையில் இருக்கும் 1.2 கிலோஓம் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 5 கிலோஓம் வைத்தால் 250 மில்லிஆம்பியர் அளவுக்கு இறங்கும்.

இயர்போனும் ஸ்டீரியோவும்

இயர்போனை ஒருபோதும் எஸ்பிகே கால்களில் மாட்டாதீர்கள். அதற்கு டிஏசி எல், டிஏசி ஆர் இருக்கின்றன, ஸ்டீரியோ ஒலி வருவதும் இந்த இரண்டில்தான். 3.5 மில்லிமீட்டர் சாக்கெட்டில் நுனி இடது, நடு வளையம் வலது, அடி ஜிஎன்டி. சில பலகைகளில் இந்தக் கால்களில் கொஞ்சம் நேர்மின்சாரமும் (டிசி) கலந்து வரும், அதைத் தடுக்க ஒவ்வொரு வழியிலும் 220 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று வையுங்கள், பிளஸ் கால் பலகை பக்கம். 32 ஓம் இயர்போனுக்கு இந்த அளவு இருந்தால் 23 ஹெர்ட்ஸ் வரை கீழ்ஸ்தாயி குறையாமல் வரும், மிருதங்கத்தின் தொப்பிச் சத்தம் காணாமல் போகாது.

இரண்டு ஸ்பீக்கர் வேண்டும் என்றால் இதே இரண்டு கால்களைப் பிஏஎம்8403 என்ற சின்ன ஆம்ப்ளிஃபயர் பலகையின் இன்புட்டில் கொடுங்கள், அதுவும் லித்தியம் செல்லிலேயே ஓடும். அங்கேயும் ஸ்பீக்கர் மைனஸ்கள் இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கக் கூடாது.

இப்போது ஆர்டுயினோ

பாட்டு முடிந்ததும் அடுத்தது தானாக வரணும், பாட்டு வரிசையைக் கலைத்துப் போடணும், நிறுத்திய பாட்டை நாளைக்கு நினைவு வைத்துத் தொடங்கணும் என்று ஆசை வரும்போது மைக்ரோகன்ட்ரோலருக்கு வாருங்கள். மேசையில் சோதிக்க ஆர்டுயினோ நானோ போதும். பெட்டிக்குள் லித்தியம் செல்லில் நிரந்தரமாக ஓட வேண்டும் என்றால் 3.3 வோல்ட் 8 மெகாஹெர்ட்ஸ் புரோ மினி பொருத்தம், நானோவின் 16 மெகாஹெர்ட்ஸுக்குச் செல் இறங்கும்போது வோல்டேஜ் பற்றாது.

இணைப்பு மூன்றே வயர்தான். ஆர்டுயினோவின் அனுப்பும் கால் பலகையின் ஆர்எக்ஸுக்கு, பெறும் கால் டிஎக்ஸுக்கு, ஜிஎன்டி ஜிஎன்டிக்கு. அனுப்பும் வழியில் 1 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்று கட்டாயம். பலகையின் உள்ளே 3.3 வோல்ட் கணக்கு, நானோ அனுப்புவது 5 வோல்ட், இந்த ரெசிஸ்டர் அதைத் தாங்கவைக்கிறது, ஸ்பீக்கரில் கேட்கும் கரகரப்பையும் இதுதான் குறைக்கிறது. இரண்டும் பேசிக்கொள்ளும் வேகம் நொடிக்கு 9600 பிட். ஆர்டுயினோ மென்பொருளின் லைப்ரரி பட்டியலில் டிஎஃப்ரோபாட்டின் டிஎஃப்பிளேயர் லைப்ரரியை (தயாராக எழுதிவைத்த நிரல் தொகுப்பு) நிறுவி, அதோடு வரும் முதல் மாதிரி நிரலை அப்படியே ஏற்றிப் பாருங்கள். கால் எண்களை மட்டும் நீங்கள் இணைத்தபடி மாற்றினால் போதும்.

அதற்குப் பிறகு நீங்களே எழுதும்போது இரண்டு விஷயம். ஒன்று, பாட்டு முடிந்தது என்ற செய்தியைச் சில பலகைகள் இரண்டு முறை அனுப்பும், அதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் ஒரு பாட்டு தாண்டி ஒரு பாட்டு ஓடும். ஒரு செய்தி வந்த அரை நொடிக்குள் வரும் இரண்டாவதைப் புறக்கணியுங்கள், இல்லையென்றால் பிஸி காலைப் பாருங்கள், பாடும்போது அது தாழ்ந்தும் நின்றதும் உயர்ந்தும் இருக்கும். இரண்டு, பாட்டு எண்ணையும் சத்த அளவையும் சேமிக்க ஆர்டுயினோவிலேயே 1024 பைட் ஈப்ராம் (மின்சாரம் போனாலும் மறக்காத நினைவகம்) இருக்கிறது. அதன் ஒவ்வோர் இடத்திலும் ஒரு லட்சம் முறை வரைதான் எழுதலாம் என்பது தயாரிப்பாளர் தரும் கணக்கு, அதனால் நொடிக்கொரு தரம் எழுதாமல் பாட்டு மாறும்போது மட்டும் எழுதுங்கள், பல வருடம் தாங்கும். பாட்டை எண் சொல்லி நேரடியாக அழைக்க வேண்டும் என்றால் கார்டில் எம்பி3 என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் ஒரு ஃபோல்டர் வைத்து அதற்குள் பாட்டுகளைப் போடுங்கள். அப்போது காப்பி செய்த வரிசை பற்றிய கவலையும் போய்விடும்.

பெட்டி

மேசையில் வெறுமனே கிடக்கும் ஸ்பீக்கர் மெலிந்த குரலில்தான் பாடும். கூம்பு முன்னால் தள்ளும் காற்றும் பின்னால் இழுக்கும் காற்றும் விளிம்பைச் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன, கீழ்ஸ்தாயி முழுக்க அங்கேயே போய்விடுகிறது. அதனால் பெட்டியை அழகுக்காக என்று நினைத்துக் கடைசியில் ஏனோதானோ என்று முடிக்காதீர்கள், பாதி இசை அதில்தான் இருக்கிறது. பழைய ரேடியோவின் மரப்பெட்டி கிடைத்தால் அதைவிட நல்லது வேறில்லை. இல்லாவிட்டால் 9 மில்லிமீட்டர் பிளைவுட்டில் ஸ்பீக்கருக்கு வட்டம் வெட்டி, மூட்டுகளில் ஃபெவிகால் தடவி இடைவெளி இல்லாமல் ஒட்டுங்கள். 4 அங்குல பிவிசி குழாயை வெட்டி ஒரு பக்கம் மூடி போட்டும் செய்யலாம். உள்ளே கொஞ்சம் பஞ்சு வைத்தால் டப்பாவுக்குள்ளிருந்து கேட்கிற மாதிரியான எதிரொலி அடங்கும், ஆனால் பஞ்சு பேட்டரியையும் சார்ஜரையும் தொடாமல் இருக்கணும், அந்தச் சார்ஜர் பலகை நன்றாகவே சூடாகும்.

பிரெட்போர்டிலிருந்து எல்லாவற்றையும் ஜீரோ போர்டுக்கு (பற்றவைப்பதற்கான துளை போட்ட பலகை) மாற்றி 25 வாட் சால்டரிங் அயர்னால் பற்றவையுங்கள். டிஎஃப்பிளேயரை மட்டும் நேரடியாகப் பற்றவைக்காமல் பெண் பின் சாக்கெட் வைத்து அதில் குத்துங்கள், பழுதானால் கழற்றி மாற்றலாம். பட்டன்களைத் தொட்டாலே எது எது என்று தெரியும்படி ஒன்றைப் பெரிதாகவோ வேறு வடிவமாகவோ வையுங்கள். கார்டு செருகும் பக்கம் பெட்டிச் சுவரை ஒட்டி வரும்படி பலகையை நிறுத்தி, விரல் போகிற அளவுக்கு ஒரு திறப்பு விடுங்கள். பின்பலகையை ஒட்டாமல் திருகாணி போட்டு மூடுங்கள், சில வருடம் கழித்து செல்லை மாற்ற அது தேவைப்படும்.